வாசிப்புப் படிவமும் எட்டுத் தகரமும்

அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் மூன்று பேர்: அதிபர், பிரதி அதிபர் மிஸ், நான். வராதவர்கள் இரண்டு பேர். பெற்றோர் சங்கச் செயலாளர் வரவில்லை, ஏனென்றால் அன்று கடல் நல்லாயிருந்தது. நூலகத்துக்குப் பொறுப்பாக இருந்த மிஸ்ஸும் வரவில்லை, ஏனென்றால் அவர் அதற்கு முதல் வாரம்தான் வவுனியாவுக்கு மாற்றலாகிப் போயிருந்தார். எங்கள் பாடசாலையில் கதைப்புத்தகத்தை ஒரு காரணமும் இல்லாமல் சும்மா வாசிக்கிற ஒரே ஆசிரியர் அவர்தான். ஆகவே, பிள்ளைகள் சந்தோஷத்துக்காக வாசிக்க வேண்டும் என்று முடிவெடுத்த கூட்டத்தில், சந்தோஷத்துக்காக வாசிக்கிற ஒருவரும் இருக்கவில்லை.

நூலகப் பொறுப்பைப் புதிதாக எடுக்கிற உங்கள் இரண்டு பேருக்கும்தான் இதை எழுதுகிறேன். நான் ஓய்வு பெற்றுப் போகவில்லை. அதற்கு இன்னும் முப்பது வருடத்துக்குக் கிட்ட இருக்கிறது. நூலகத்திலிருந்து மட்டும் ஓய்வு கிடைத்திருக்கிறது, தலைமன்னார்ப் பக்கம் மாற்றத்தோடு. நூலகக் கதவின் திறப்பை உங்கள் கையில் தந்தபோதே இதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் திறப்புக் கைமாறுகிற நேரத்தில் எல்லாருடைய கண்ணும் தேநீரிலும் பற்றிஸிலும் இருந்தது. அதனால் எழுத்தில் தருகிறேன். எழுத்தில் தருவது எங்கள் பக்கத்தில் எவ்வளவு பாரதூரமான வேலை என்பதுதான் விஷயமே.

கூட்டத்தின் காரணம் ஒரு கேடயம். வாசிப்பு மாதத்தில், கூடிய எண்ணிக்கையான வாசிப்புக் குறிப்புகளை மாணவர்கள் எழுதிய பாடசாலைக்குக் கேடயம் தருவதாக மேலிடத்திலிருந்து அறிவித்திருந்தார்கள். அதிபரின் கந்தோரில் கண்ணாடி போட்ட அலுமாரி ஒன்று பல வருடமாக வெறுமையாக நின்றது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"தம்பி, பிள்ளையள் விருப்பத்தோட வாசிக்க வேணும். ஒரு ஆளுக்கு மாசம் நாலு புத்தகம். கட்டாயம்."

"விருப்பத்தோடயோ, கட்டாயமோ சேர்?" என்று பிரதி அதிபர் மிஸ் கேட்டார்.

"முதல் கட்டாயம். விருப்பம் பேந்து வரும்."

குறிப்பு எழுதுவதற்கு ஒரு தாள் தயாரிக்கும் வேலை என்னிடம் வந்தது. இங்கேதான் நான் யார் என்று கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா கடலுக்குப் போகிறவர்; கையெழுத்துக் கேட்ட இடத்தில் பெருவிரலை நீட்டுகிறவர். எங்கள் வீட்டுக்கு அச்சடித்து வந்த தாள்களில் கதையோ பாட்டோ இருந்ததில்லை. வந்ததெல்லாம் ஃபோம். நிவாரண ஃபோம், வலை ஃபோம், படகு இயந்திர ஃபோம், காணாமற்போன அடையாள அட்டைக்கு ஃபோம். தமிழ் எழுத்துக்கூட்டத் தெரிந்த நாளிலிருந்து எங்கள் தெருவுக்கே நான்தான் ஃபோம் நிரப்பினேன். கூலி பொரித்த மீன். மற்றப் பிள்ளைகள் ராஜா ராணிக் கதை படித்த வயதில் நான் 'பொருந்தாததை வெட்டிவிடுக' என்று படித்தேன். ஆகவே, மதிப்பான ஒரு தாள் செய் என்று என்னிடம் சொன்னால், என் கை தானாகக் கட்டம் போடத் தொடங்கிவிடும்.

மூன்று இரவு இருந்து செய்தேன். மேலே முழுப்பெயர். பெற்றோரின் அடையாள அட்டை இலக்கம். கிராம அலுவலர் பிரிவு. குடும்ப அங்கத்தவர் தொகை, அவர்களில் வாசிக்கத் தெரிந்தவர் தொகை. பிள்ளை எங்கே இருந்து வாசிக்கிறது என்று அறிய வேண்டுமல்லவா? அதற்காக 'வீட்டின் நிலை: வசதியானது / ஓரளவு வசதியானது / வசதியற்றது' என்றும் ஒரு வரி சேர்த்தேன். கதைச் சுருக்கத்துக்கு மூன்று கோடு மிஞ்சியது. 'முடிவு பற்றி உமது கருத்து' என்பதற்கு ஒரு கோடு. எல்லாம் முடிந்த பிறகும் அடிப்பக்கம் வெறுமையாகத் தெரிந்தது. அங்கே ஒரு பெட்டி போட்டு, 'அலுவலக உபயோகத்துக்கு மாத்திரம்' என்று எழுதினேன். அந்தப் பெட்டிக்குள் நாங்கள் என்ன எழுதப்போகிறோம் என்று எனக்கும் தெரியாது. அது இல்லாவிட்டால் தாள் முடியாத மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

பிரதி அதிபர் மிஸ் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "வடிவாயிருக்கு. அச்சொட்டா வீட்டுத்திட்ட ஃபோம் மாதிரியே இருக்கு" என்றார். மூன்று பேரும் நல்லாச் சிரித்தோம்.

முதல் வாரம் ஒன்பது குறிப்பு வந்தது. இரண்டாம் வாரம் நாற்பது. மூன்றாம் வாரம் மேசை போதாமல் கதிரைகளில் அடுக்கினேன். இறாக்கைகள் ஒவ்வொன்றாக வெறுமையாகின. மெல்லிய புத்தகங்கள் முதலில் போயின. பதினோராம் தரத்துப் பெடியன், மேல்மீசை அரும்பினவன், முயல் படம் போட்ட பதினாறு பக்கப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனான். எனக்குக் கண் கலங்கியது. வாசிப்பின் மகத்துவம் பற்றிப் பயிற்சிக் கலாசாலையில் படித்ததெல்லாம் உண்மைதான் என்று நினைத்தேன்.

பெற்றோர்களும் வரத் தொடங்கினார்கள். அதுவரைக்கும் பெற்றோர் கூட்டம் என்றால் பள்ளிக்கூடக் கேற்றுக்கு முன்னால் மாடுகூட நிற்காது. இப்போது விடியக் காலையிலேயே நின்றார்கள். ஓலைத்தொடுவாயிலிருந்து ஒருவர், கடலால் வந்த சாரத்தோடு, கையில் மீன் பையோடு வந்தார்.

"சேர், என்ர மூத்தவன் போன வருசம் பள்ளிக்கூடம் விட்டிட்டான். அவன்ர பேரிலயும் ஒரு ஃபோம் தாங்கோவன்."

"தாராளமா அண்ணை. பழைய மாணவரும் வாசிக்கலாம்."

"வாசிப்பான் சேர். வாசிக்காட்டி நான் விடன்." பையை மேசையில் வைத்தார். "ரெண்டு விளைமீன். வீட்டில சமையுங்கோ."

இன்னொரு அம்மா, கலியாணம் முடித்த மகளுக்குத் தனி ஃபோம் கேட்டார். ஏன் தனியாக என்று கேட்டேன். "அவள் இப்ப தனிக் குடும்பமெல்லோ சேர்" என்றார். அந்த மாத அறிக்கையில் நான் எழுதிய வசனம் இன்னும் அறிக்கைக் கோவையில் இருக்கிறது, போய்ப் பாருங்கள்: 'இப்பிரதேசத்தில் குடும்பமாக வாசிக்கும் கலாசாரமொன்று மலர்ந்து வருகிறது.'

குறிப்புகளையும் சொல்ல வேண்டும். மேற்பகுதியில் ஒரு பிழையும் இருக்காது. அடையாள அட்டை இலக்கம், பிரிவு, அங்கத்தவர் தொகை எல்லாம் முத்து முத்தான எழுத்தில், தேவையென்றால் பிரதியும் பின்னால் குத்தி. 'வீட்டின் நிலை' என்ற இடத்தில் எல்லாரும் 'வசதியற்றது'. மாடி வீட்டுப் பிள்ளையும் அதே. கதைச் சுருக்கம் புத்தகத்தின் பின்னட்டையில் இருப்பதுதான். முடிவு பற்றிய கருத்து, எல்லாத் தாளிலும், 'முடிவு மிகவும் சிறப்பாக இருந்தது'. நான் சிவப்புப் பேனையால் 'மிக நன்று' என்று எழுதிக்கொண்டே போனேன். எத்தனை தாள்! எந்த நேரத்தில் புத்தகத்தையும் வாசிப்பது?

எட்டாம் தரத்து றிஸ்னாவின் குறிப்புகள் மட்டும் வேறு மாதிரி. கதைச் சுருக்கம் மூன்று கோட்டைத் தாண்டி ஓரமெல்லாம் ஏறியிருக்கும். 'இந்த மாமியாரை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது' என்று ஒருமுறை எழுதியிருந்தது. வகுப்பில் அந்த மாமியாரைப் பற்றிக் கேட்டேன். றிஸ்னா எழும்பி நின்று முழித்தாள்.

"உம்மாட்டக் கேட்டுச் சொல்றன் சேர்."

"ஏன் உம்மாட்ட?"

"உம்மாதான் வாசிக்கிறவ. வாசிச்சுச் சொல்லுவா, நான் எழுதுவன். அந்த நேரம் தேங்காய் துருவுறது நான்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, குடும்பமாக வாசிக்கும் கலாசாரம் என்று மனதுக்குள் ஒரு சரி போட்டுக்கொண்டேன்.

அந்த உம்மா, பரீனா அக்கா, பிறகொருநாள் நூலக வாசலுக்கு வந்தார். எருக்கலம்பிட்டிப் பக்கம். தொண்ணூறில் முஸ்லிம் சனம் ஊரோடு வெளியேற்றப்பட்டபோது கைப்பிள்ளை. புத்தளத்து முகாமில் வளர்ந்து, அங்கேயே எட்டாம் வகுப்புவரை படித்து, அங்கேயே கலியாணம் முடித்து, சில வருடத்துக்கு முன்னர்தான் தகப்பனின் காணிக்குத் திரும்பியவர். கணவர் கொழும்பில் ஒரு புடவைக்கடையில் வேலை. வீடு என்பது அரைச்சுவரும், புத்தளத்திலிருந்து லொறியில் கொண்டுவந்த பழைய தகரமும்.

"சேர், றிஸ்னாட பேரில முப்பத்தொரு புத்தகம் முடிஞ்சிட்டு. வீடு பாக்க எப்ப வருவாங்கள்?"

"ஆர் அக்கா? என்ன வீடு?"

"பாக்க வாறவங்கள்தான். இல்ல சேர், தகரமெல்லாம் ஓட்டை. வானத்தைப் பாத்துக்கொண்டுதான் படுக்கிறம். மழைக்கு முந்தி மாத்தச் சொல்லி அவர் காசு அனுப்பினவர். நான்தான் பொறுங்கோ எண்டன். புதுத் தகரத்தைக் கண்டா, உங்களுக்கு வசதி இருக்கு எண்டு பேரை வெட்டிப் போடுவாங்கள். பக்கத்து வீட்டுக்குப் போனமுறை அப்படித்தானே செஞ்சது."

எனக்கு அப்போதுதான் எல்லாம் ஒன்றாக விளங்கியது. விளைமீன், தனிக் குடும்பம், மாடி வீட்டின் வசதியின்மை, மீசை வைத்த பெடியனின் முயல். சொன்னேன்:

"அக்கா, இது வீட்டுத்திட்டமில்லை. பிள்ளையள் புத்தகம் வாசிக்கிறதுக்கு நாங்கள் செய்த தாள். இதால வீடு கிடைக்காது."

அவர் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு சுற்றிவரப் பார்த்தார். குரலைத் தணித்தார்.

"விளங்குது சேர். நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்."

"இல்லையக்கா, உண்மையாத்தான்."

"போனமுறையும் இப்படித்தானே சொன்னாங்கள். சும்மா கணக்கெடுப்பு, ஒண்டும் கிடைக்காது எண்டு. நிரப்பினவங்களுக்குப் பேந்து வீடு வந்துது. நான் உம்மாவை ஆஸ்பத்திரியில வெச்சுக்கொண்டு புத்தளத்தில நிண்டனான், நிரப்பேல்ல. இந்தமுறை விட மாட்டன் சேர். இன்ஷா அல்லாஹ்."

தம்பி, தங்கச்சி, எங்கள் பக்கத்துச் சனத்துக்கு வாசிக்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு தாளை வாசிப்பதில் அவர்களை யாரும் வெல்ல முடியாது. எந்தத் தாளிலிருந்து வீடு வரும், எதிலிருந்து வலை வரும், எதிலிருந்து ஒன்றும் வராது என்று முப்பது வருடப் பாடம் அவர்களுக்கு இருக்கிறது. என்னுடைய தாளை அவர்கள் சரியாகத்தான் வாசித்தார்கள். பிழையாக எழுதியது நான்.

பிரதி அதிபர் மிஸ்ஸிடம் ஓடினேன். அவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை.

"வாசிக்கினம்தானே?"

"ஓம் மிஸ், ஆனா ஏன் வாசிக்கினம் எண்டா..."

"ஏன் எண்டு கேக்க வெளிக்கிட்டா, நாங்கள் ஏன் படிப்பிக்கிறம் எண்டும் கேக்க வேண்டி வரும். சம்பளப் பட்டியலில கையெழுத்து வெச்சிட்டீங்களோ?"

அதிபர் இன்னும் தெளிவாக இருந்தார். "கேடயம் வரட்டும் தம்பி. வந்த அண்டைக்கே சொல்லுவம். நானே சொல்லுறன்."

அடுத்த நாள் காலைக்கூட்டத்தில் நானாக ஒரு வசனம் மட்டும் சொன்னேன்: 'வாசிப்புப் படிவத்தால் எந்த உதவித் திட்டமும் கிடைக்காது.' பிள்ளைகள் அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் ஃபோம் கேட்டு வந்தவர்கள் இரண்டு மடங்கு. இல்லை என்று மேடையில் ஏறிச் சொல்கிற அளவுக்குப் பெரிய திட்டம் போலிருக்கிறது என்று ஊர் கணக்குப் போட்டிருந்தது. அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. வாய் திறந்தால் குறிப்பு கூடுகிறது, திறக்காவிட்டாலும் கூடுகிறது. கேடயத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேறு எங்கும் இருந்திருக்காது.

மதிப்பீடு செய்ய அலுவலர் ஒருவர் வந்த நாள் வானம் இருண்டிருந்தது. வாடைக்காற்று எழும்பி, மைதானத்து மணல் கண்ணுக்குள் அடித்தது. அலுவலரின் வாகனத்தில் இலச்சினை ஒட்டியிருந்தது, அவர் கையில் கோவை இருந்தது. இது போதாதா? அரைமணி நேரத்தில் கேற்றடியில் நூறு பேர். எல்லார் கையிலும் அடையாள அட்டைப் பிரதி.

அலுவலருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "பெற்றோரின் பங்களிப்பு இப்படி ஒரு இடத்திலயும் நான் காணேல்லை" என்று எழுதிக்கொண்டார். பிறகு முன்வரிசையில் நின்ற பரீனா அக்காவைப் பார்த்துக் கேட்டார்:

"சொல்லுங்கோம்மா, இந்த வாசிப்பால நீங்கள் கண்ட பயன் என்ன?"

"இன்னும் காணேல்ல சேர். வீடு வந்தாத்தான் தெரியும்."

அலுவலர் புருவத்தைத் தூக்கினார். அதிபர் ஒரு கணமும் பிந்தவில்லை. "அறிவெண்ட வீட்டைச் சொல்லுறா சேர். புத்தகம்தான் அத்திவாரம் எண்டு நாங்கள் இங்க அடிக்கடி சொல்லுறனாங்கள்." அலுவலர் "அருமை, அருமை" என்று அதையும் எழுதினார்.

கேடயம் அலுமாரிக்குள் ஏறிவிட்டது என்றே சொல்லலாம். நான் பேசாமல் நின்றிருந்தால் போதும்.

பரீனா அக்கா கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். "சேர், அங்க பேர் இருந்தா இங்க வீடு தர மாட்டாங்கள் எண்டு புத்தளத்துப் பதிவை வெட்டிக்கொண்டு வந்திட்டன். நாலுதரம் போய் வந்தனான். காணி உறுதிக்கும் பிரதி எடுத்தாச்சு. தகரக் காசு முழுக்க அதுக்குத்தான் போச்சு. இனி ஒரு குறையும் சொல்ல ஏலாது, எல்லாம் சரியா இருக்கு." உறையை அலுவலரிடம் நீட்டினார். அலுவலர், எதுவென்று விளங்காமலே, வாங்கக் கை நீட்டினார்.

அந்த உறை அவர் கைக்குப் போனால் அது கோவைக்குள் போகும். கோவைக்குள் போனால் பரீனா அக்கா இந்த மாரி முழுக்க அந்தத் தகரத்தின் கீழ் காத்திருப்பார். எனக்கு அதிபரின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. கதிரை ஒன்றில் ஏறினேன்.

"எல்லாரும் கேளுங்கோ. இது வீட்டுத்திட்டமில்லை. இந்த ஃபோமை நான்தான் செய்தனான், ஃபோட்டோக்கொப்பிக் கடையில வெச்சு. மழை வருது. போய்த் தகரத்தைப் பாருங்கோ."

விளைமீன்காரர் முன்னால் வந்தார்.

"அப்ப ஏன் கிராம அலுவலர் பிரிவு கேட்டனீங்கள்?"

"தெரியாது அண்ணை."

"குடும்பத்தில எத்தினை பேர் எண்டு?"

"அதுவும் தெரியாது."

"கீழ அலுவலகத்துக்கெண்டு ஒரு பெட்டி விட்டிருக்கிறீங்கள். அது?"

"அது... வடிவுக்கு."

நூறு பேர் அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அவர் அலுவலரிடம் திரும்பினார். "ஐயா, நீங்கள் எந்தக் கந்தோர்?"

"கல்விக் கந்தோர்."

அதோடு முடிந்தது. நான் கதிரையில் ஏறிச் சொன்னதை நம்பாத சனம் இதை உடனே நம்பியது. கல்விக் கந்தோரிலிருந்து வீடு வராது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கேற்றடி வெறுமையாகியது. மீசைப் பெடியனின் தகப்பன் போகிற வழியில் என் கையில் ஒன்றைத் திணித்தார். "இந்தாங்கோ சேர், உங்கட முயல்."

பரீனா அக்கா உறையைத் திரும்பக் கைப்பைக்குள் வைத்து, சிப்பை இழுத்து மூடிக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு போனார். திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

கேடயம் வேறொரு பாடசாலைக்குப் போனது. அவர்களுடைய தாளில் பிள்ளையின் பெயரும் புத்தகத்தின் பெயரும் மட்டும்தான் இருந்ததாம். அந்த வாரமே மழை பிடித்தது, விடவேயில்லை. புத்தகங்கள் எல்லாம் திரும்பி வந்து இறாக்கையில் ஏறின. நூலகத்தில் நானும் மின்விசிறியும். வாசிப்புக் கலாசாரம் எவ்வளவு வேகமாக மலர்ந்ததோ அதைவிட வேகமாக வாடியது.

மழை கொஞ்சம் ஓய்ந்த ஒருநாள் பரீனா அக்கா வந்தார். பொலித்தீன் பைக்குள் ஒரு நாவல், நனைந்து இரண்டு மடங்கு தடிப்பாகியிருந்தது. எல்லாரும் திருப்பித் தந்தபோது இது வரவில்லை என்பதை நான் கவனித்திருக்கவுமில்லை.

"கூரையால வந்த தண்ணி சேர். தலமாட்டில வெச்சிட்டுப் படுத்தனான். இதுக்கு என்ன விலையோ சொல்லுங்கோ, கொஞ்சம் கொஞ்சமாத் தாறன்."

"வேண்டாம் அக்கா. வீடு எப்படி?"

"வீட்டை விடுங்கோ." முன்னால் கிடந்த கதிரையில் இருந்தார். "கடைசிப் பக்கமெல்லாம் ஒட்டிப் போச்சு. பிரிச்சாக் கிழியுது. தங்கச்சிக்காரி சண்டை பிடிச்சிட்டுப் போனவள், எத்தினையோ வருசத்தால மழைக்குள்ள வந்து கதவத் தட்டுறா. அக்காக்காரி விளக்கைத் தூக்கிக்கொண்டு எழும்புறா. அதோட ஒட்டிக்கொண்டிட்டு. மூணு நாளா மண்டை காயுது சேர். கதவத் திறந்தாவா இல்லையா?"

எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு வழி இருந்தது. அந்த நாவலுக்குப் பதினான்கு பேர் குறிப்பு எழுதியிருந்தார்கள். குறிப்புகளைப் போட்டு வைத்திருந்த பெட்டியைத் திறந்து பதினான்கையும் தேடி எடுத்தேன். 'முடிவு மிகவும் சிறப்பாக இருந்தது.' அடுத்தது. 'முடிவு மிகவும் சிறப்பாக இருந்தது.' பதினான்கிலும் அதுதான். பதினான்காவது றிஸ்னாவினுடையது. ஓரமெல்லாம் எழுத்து ஏறியிருந்தது. முடிவுக்கு நேரே மட்டும் ஊரோடு ஒத்த வசனம்.

"அக்கா, நீங்கள்கூட இப்படித்தான் எழுதச் சொல்லியிருக்கிறீங்கள்."

"ஃபோம் குடுக்கிற நாள் வந்திட்டு சேர். கதை அதுக்குள்ள முடியேல்ல."

பிறகு சிவப்பு மையில் இருந்த 'மிக நன்று' என்பதை விரலால் தொட்டுக் காட்டினார். "இது நீங்கதானே? அப்ப நீங்க வாசிச்சிருப்பீங்க. சொல்லுங்கோ."

"நான் வாசிக்கேல்லை அக்கா."

அன்றைக்குக் கேற்றடியில் சிரிக்காத மனுசி இப்போதுதான் சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. "அப்ப ஊரில ஒருத்தருமே வாசிக்கேல்லையா? நான் மட்டும்தானா?"

அந்தக் கிழமையே மன்னார் டவுனில் சொல்லிவைத்து, யாழ்ப்பாணத்திலிருந்து புதிய பிரதி எடுப்பித்தேன். அதை வாங்கிக்கொண்டு திரும்பி வருகிற பஸ்ஸில் நானும் வாசிக்கத் தொடங்கினேன். முதல் முப்பது பக்கம் கஷ்டப்பட்டேன். நாற்பதாம் பக்கம் அளவில், குறிப்பெடுக்கப் பேனை தேடாமல் இருப்பதைக் கவனித்தேன். இரண்டு நாளில் முடித்தேன்.

பரீனா அக்காவுக்கு நாங்களே தகரம் வாங்கிக் கொடுக்கும் யோசனை பிரதி அதிபர் மிஸ்ஸுடையது. ஏன் படிப்பிக்கிறோம் என்று கேட்கவேண்டாமென்றவர், ஏன் வாங்குகிறோம் என்றும் ஒருவரையும் கேட்கவிடவில்லை. அதிபர் "கேடயமும் இல்லை, காசும் போச்சு" என்றபடி பங்கைத் தந்தார். தகரத்தை ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு நானும் மிஸ்ஸும் போனோம்.

"சும்மா தந்தா வாங்க மாட்டன்" என்றார் பரீனா அக்கா வாசலில். "நாளைக்கு ஆரும் கேட்டாக் காட்ட என்னட்ட எழுத்தில வேணும்."

மிஸ் பையைத் துழாவினார். அகப்பட்டது ஒரே தாள்தான்: மிஞ்சிப்போன வாசிப்புப் படிவம். அதை லான்ட்மாஸ்டர் இருக்கையில் வைத்து, அடிப்பக்கப் பெட்டிக்குள், அந்த 'அலுவலக உபயோகத்துக்கு மாத்திரம்' என்பதன் கீழ், 'எட்டுத் தகரம் வழங்கப்பட்டது' என்று எழுதி, கையெழுத்தும் வைத்துக் கொடுத்தார். அதற்குள் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியாமல் இருந்த இடம் அது.

தகரம் இறங்கிக்கொண்டிருந்தது. நான் புதிய புத்தகத்தைக் கொடுத்தேன். பரீனா அக்கா, கூரை வேலைக்கு வந்த ஆட்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் "றிஸ்னாட்டக் கேளுங்கோ" என்று சொல்லிவிட்டு, தகரக் கட்டின் ஓரத்தில் இருந்து கடைசிப் பக்கங்களை வாசித்தார். பக்கத்தில் ஆணி அடிக்கிற சத்தம் அவருக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. முடித்ததும் புத்தகத்தை மூடி மடியில் வைத்தார்.

"திறந்திருக்கக் கூடாது" என்றார்.

"எனக்கெண்டாத் திறந்தது சரியாத்தான் பட்டுது அக்கா."

"இன்னும் கொஞ்ச நேரம் மழையில நிக்க விட்டிருக்க வேணும். உங்களுக்குத் தங்கச்சி இல்லைப் போல." பிறகு நிமிர்ந்தார். "இப்படி வேற இருக்கா சேர்? மெல்லிசு வேணாம்."

உங்களுக்குச் சொல்ல வேண்டிய வேலை விஷயம் இரண்டுதான். ஒன்று, வாசித்த பிள்ளையிடம் ஏதாவது கேட்பதென்றால் வாயால் கேளுங்கள். அதற்கு முதல் அந்தப் புத்தகத்தை நீங்களும் வாசித்திருங்கள். இரண்டு, மேசையின் கீழ் இலாச்சியில் மிஞ்சிய படிவங்கள் இருக்கின்றன. எரித்துவிடுங்கள். நான் எரிக்கப் போனபோது நேரம் கிடைக்கவில்லை. தகரம் அடித்த மறுநாள் காலை நூலக வாசலில் ஏழு பேர் நின்றார்கள், முன்னால் விளைமீன்காரர்.

"சேர், பரீனாட தாளை நாங்கள் பாத்தனாங்கள். கையெழுத்தோட இருக்கு. நீங்கள் அண்டைக்குக் கதிரையில ஏறிச் சொன்னது விளங்குது, எல்லாருக்கும் குடுக்க ஏலாதுதான். எங்களுக்கும் ஒரு ஃபோம் தாங்கோ. இந்தமுறை அந்த முயலை முழுக்க வாசிக்கிறம்."

தகரம் எட்டு, ஆணி, லான்ட்மாஸ்டர் கூலி, நாவல் ஒன்று. கூட்டத்துக்கு வந்திருந்த மூன்று பேரும் சமமாகப் பிரித்துக்கொண்டோம், வராதவர்களிடம் கேட்கவில்லை. ஆளுக்கு ஒன்பதாயிரத்து ஐந்நூறு. எல்லாமாக இருபத்தெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய், கேடயம் நீங்கலாக.